பொட்டு வைத்த ஜாக்கி

என் ஜீப்பின் பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன நாட்டின் மேல் படையெடுக்கலாம் என்பாள் என் மனைவி. சாமான்களுக்குக் குறைவில்லைதான். எட்டு டன் இழுக்கும் என்று எழுதியிருந்த இழுவைப் பட்டை ஒன்று. அதை மாட்ட இரண்டு இரும்புக் கொக்கிகள். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றினால் அடியில் சொருகுவதற்குப் பல் பல்லாக வைத்த ஆரஞ்சு நிறப் பலகைகள் இரண்டு. என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஜாக்கி. மடக்கு மண்வெட்டி, காற்றடிக்கும் மோட்டார், பேட்டரி ஒயர்கள், சின்னத் தீயணைப்பான், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, தண்ணீரின் ஆழம் பார்க்க இழுத்தால் நீளும் கம்பு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், முதலுதவிப் பெட்டி. அந்தப் பெட்டியில் பாம்புக்கடிக்கு என்று தனியாக ஒரு கட்டுத்துணி இருந்தது. நான் பாம்பைக் கடைசியாகப் பார்த்தது வண்டலூர் மிருகக்காட்சி சாலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. நான் தேனிப் பக்கத்து ஆள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற வீட்டில் இருபது வருடம் வளர்ந்தேன். ஒரு நாள்கூட அதில் ஏறத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, நசரத்பேட்டையில் இரண்டாம் மாடியில் ஃப்ளாட் வாங்கி, சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம் என்றால் பைபாஸ் மேம்பாலம்தான் என்று ஆன பிறகுதான் மலையேறும் வண்டி வாங்கும் புத்தி வந்தது. விற்றவர் ஆவடிக்காரர். "இந்த வண்டி போவாத எடமே இல்ல சார்" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினார். மூன்று வருடத்தில் அது என்னோடு போன மிகக் கரடுமுரடான பாதை எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தும் சரிவு. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் இரண்டாவது கியர்க் கம்பியை நான் தொட்டதே கிடையாது. மனைவி அதில் கைப்பையை மாட்டி வைப்பாள்.

சாமான்கள் பெரும்பாலும் உறை பிரிக்காமலே இருந்தன. பிரித்தால் பழசாகிவிடும் என்பது என் கட்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ பார்த்திருக்கிறேன்: ராஜஸ்தான் மணலில் ஒருவர் பலகை சொருகுவார், அசாம் ஆற்றில் ஒருவர் கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே நடப்பார். "தண்ணீரில் வண்டியை இறக்குமுன் நீ இறங்கி நடந்து பார்" என்று அவர் சொன்னதை நான் மனப்பாடமாகவே சொல்வேன். காய்கறி வாங்கப் பூந்தமல்லி போகும்போதெல்லாம் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். சேற்றைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். சேற்றில் இறங்கியவர்கள் சொற்பம். வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் குழுவில் ஒரு போட்டி நடக்கும். அவரவர் வண்டிச் சாமான்களைப் படையலில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துப் படம் அனுப்ப வேண்டும். பரிசு, வண்டிக் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். முந்தின வருடம் அம்பத்தூர்க்காரர் ஒருவர் வைப்பருக்குக்கூடப் பொட்டு வைத்து அந்த ஸ்டிக்கரைத் தட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் மாவுக்கடை வைத்திருந்த அக்காவை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில். கட்டடம் நிற்கிற நிலம் அவர்கள் குடும்பத்துடையது. விற்றபோது அவர் தன் பங்குக்கு ஒரு ஃப்ளாட்டும் அந்தக் கடையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நிலம் போனதில் வருத்தம் உண்டா என்று நான் ஒரு தடவை, ஏதோ பெரிய கேள்வி கேட்பதுபோலக் கேட்டேன்.

"இன்னா நைனா வருத்தம்? நெல்லு போட்டா மானத்த பாத்துகினே கெடக்கணும். மாவு அப்டியா? மழ பேஞ்சாலும் தோச சுடுவான், வெயில் அடிச்சாலும் தோச சுடுவான்."

என் ஜீப்புக்கு அவர் வைத்த பெயர் டாங்கு. ராணுவ டாங்கி செய்கிற ஆவடியில் வாங்கினேன் என்று தெரிந்த அன்றே வைத்துவிட்டார். "டாங்கு இன்னிக்கு எந்த நாட்டுக்குப் போவுது? ஆபீஸுக்கா?" என்பார், கல்லாவில் உட்கார்ந்தபடி.

அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பூந்தமல்லியில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். "இன்னிக்கு எனக்கு வாஷிங் டே" என்று சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முனை ஸ்டாண்டில் வழக்கமாக வரும் ஆட்டோக்காரரோடு கிளம்பிவிடுவார். இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருந்தார்கள். ஊசி குத்துவது அங்கேதான். அந்த இடம் புடைத்திருக்கும், தொட்டால் விர்ரென்று அதிரும். அதிர்ந்தால் எல்லாம் சரி, அதிர்வு நின்றால் ஆபத்து, ஆகவே தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மாவு வாங்கப் போனவனிடம் ஒரு நாள் கையை நீட்டினார்.

"கை வெச்சுப் பாரு. இன்ஜின் ஓடுது."

விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் ஒரு வண்டு அடைபட்டதுபோல இருந்தது. பயந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அக்கா சிரித்தார். "உன் டாங்குக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம். நான் தெனம் ஓடுறேன்." மாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நான் லிஃப்டுக்கு வந்தேன்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னாலேயே பிடித்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று வழக்கம்போல எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏரி திறக்கவில்லை, ஆனால் எங்கள் சாலையே சின்ன ஏரியாகிவிட்டது. பூஜைக்கு இரண்டு நாள் முன்பு அக்காவின் டயாலிசிஸ் முறை தண்ணீரால் தவறிப்போனது. ஒரு முறை தவறலாம், தொடர்ந்து இரண்டாவது தவறவே கூடாது என்று மையத்தில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். பண்டிகைக்கு மறுநாள் மையம் விடுமுறை. ஆக, ஆயுத பூஜை அன்று மதியம் அவர் படுத்தே ஆக வேண்டும். மூன்று மணிக்குள் வந்தால் மெஷினில் போடுவோம், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் காலையில் எனக்குத் தெரியாது. நான் ஹாலில் படையல் பரப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அம்பத்தூர்க்காரரை மண்ணைக் கவ்வ வைப்பது என்று முடிவு. பின்கதவுக்குள் இருந்தது போதாதென்று வீல் ஸ்பேனர், டூல் கிட், ஃப்யூஸ் டப்பி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தேன். ஸ்டெப்னி டயரைக்கூடக் கழற்றி லிஃப்டில் உருட்டி ஏற்றினேன். பிளாஸ்டிக் உறைமேல் சந்தனம் நிற்காமல் வழிந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஜாக்கியின் உறையை மட்டும் கிழித்து, தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்று என்று மூன்று பொட்டு வைத்தேன். பொரி, கடலை, அவல், சுண்டல் எல்லாம் வைத்து மனைவி கற்பூரம் காட்டினாள். கீழே வெறும் ஜீப்புக்கு இரண்டு வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வந்தேன். மிஞ்சிய ஒரு பழம் டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கிடந்தது.

படையலில் வைத்ததை விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை தொடக் கூடாது. என் வீட்டிலும் அதுதான் வழக்கம், மனைவி வீட்டிலும் அதுதான். பள்ளிக்கூட நாட்களில் இந்த ஒரு சட்டத்தை நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறேன்; வீட்டிலுள்ள எல்லாப் பாடப்புத்தகமும் முதல் ஆளாகப் படையலுக்குப் போய்விடும்.

படம் அனுப்பினேன். பாராட்டு குவிந்தது. அம்பத்தூர்க்காரர் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். எரிகிறது என்று தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் தேர்வாகியிருப்பதாகவும், மாலை ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பில் படையலைக் காட்ட வேண்டும், அதுவரை எதையும் கலைக்கக் கூடாது என்றும் குழுத் தலைவர் எழுதினார்.

ஒன்றரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றிருந்தார். கால் வீங்கிச் செருப்பில் நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். இடது கையில் ஈரம் படாமல் துண்டு சுற்றியிருந்தது. லிஃப்டில்தான் வந்தார், ஆனால் மாடிப்படி ஏறினவர்போல மூச்சு வாங்கியது.

"நைனா, ஆட்டோல தண்ணி பூந்துரும், வர முடியாதுன்றான். உன் டாங்கு இன்னிக்காச்சும் தண்ணில எறங்குமா?"

விஷயத்தைச் சொன்னார். மூன்று வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. சாவியை எடுத்தேன். கதவருகே மனைவி நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தச் சாமான்ல ரெண்டையாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

"படையல்ல வச்சதை எப்படித் தொடறது? மூணு கிலோமீட்டர்தானே?" என்றேன். குரலில் பக்தி ஒழுகியது. உண்மை என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன், ஐந்து மணி வீடியோ. அந்தப் பலகைகளை உருவினால் பின்னால் சாய்த்து வைத்திருந்த தீயணைப்பான் சரிந்து மொத்த அழகும் போய்விடும். சாமிக்குப் பயந்தவனாக இருந்திருந்தால் பரவாயில்லை. நான் அம்பத்தூர்க்காரருக்குப் பயந்தேன்.

புது வேட்டி சரசரக்க வண்டியை எடுத்தேன். சாலையில் தண்ணீர் முட்டிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. முனை ஸ்டாண்டில் ஆட்டோக்களுக்கு மாலை போட்டுப் பாட்டு வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். சத்தியமாக அன்றைக்குத்தான் அந்த வண்டியில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்டாண்டைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே சாலை எது, ஓரம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே காபி நிறத் தண்ணீர்.

"லெப்ட்ல போவாத நைனா" என்றார் அக்கா. "அங்க எங்க நெலத்துக் கால்வா கீது. மேல மண்ணக் கொட்டி மூடிக்கீறாங்க. தண்ணி வந்தா உள்ள வாங்கிரும்."

"இல்லக்கா, நடுவுலதான் பள்ளமா இருக்கும். ஓரமாப் போகணும்னு வீடியோல சொல்லியிருக்காங்க."

"அவன் எங்க ஊட்டு நெலத்தப் பாத்தானா?"

இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். ஆனால் வேட்டி புதுசு, வெள்ளை, அதுவும் மயில்கண் கரை. இடது பக்கம் திருப்பினேன். பத்தடி போயிருப்போம். முன்சக்கரம் கடகடவென்று இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வந்து என் கால்விரல்களை நனைத்தது.

முடுக்கினேன், சக்கரம் சுற்றியது, வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. கைப்பை மாட்டும் கம்பியைப் பிடித்து இழுத்தேன். மூன்று வருடம் தொடாத கம்பி அசையவே இல்லை. இறங்கினேன். வேட்டியின் கதையை விடுங்கள். பின்கதவைத் திறந்தால் காலி. வண்டியில் அந்த நேரத்தில் இருந்த அவசரகாலச் சாதனங்கள் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பிள்ளையார், அரைப் பொட்டலம் பொரி. வாழைக்கன்று ஞாபகம் வந்தது. இரண்டையும் அவிழ்த்துச் சக்கரத்தின் அடியில் சொருகி முடுக்கினேன். வாழைப்பட்டை வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அதன் பிறகு தெரியும். வண்டி ஒரு சாண் பின்வாங்கிப் பொத்தென்று இன்னும் ஆழமாக உட்கார்ந்தது.

குழுவுக்கு எழுதினேன். உடனே பதில்கள். "பலகை போடுங்க ப்ரோ." "பட்டை மாட்டி இன்னொரு வண்டியால இழுங்க ப்ரோ." "டயர்ல காத்தைக் குறைங்க." ஒருவர் என் படையல் படத்தை அப்போதுதான் பார்த்து, பாராட்டாக மாலை போட்ட பிள்ளையார் படம் ஒன்றை அனுப்பினார். அம்பத்தூர்க்காரர், "உங்ககிட்டதான் எல்லாம் இருக்கே?" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு கேட்டிருந்தார்.

மணி இரண்டு. அக்கா சாய்ந்த இருக்கையில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு மூச்சு அறுந்தது. "பாரேன்" என்றார், "சுத்திலும் இவ்ளோ தண்ணி. எனக்கு ஒரு நாளைக்கி ரெண்டு டம்ளர்தான்னு சொல்லிக்கீறாரு டாக்டர்." சிரிக்க முயன்று இருமினார். இவர் உயிரோடு நான் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மனைவியை அழைத்தேன். நிலைமையைச் சொன்னேன்.

"ஐயோ! இருங்க, பலகையெல்லாம் எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள். பிறகு ஒரு தயக்கம். "விளக்கு இன்னும் எரியுதுங்க. தொடலாம்ல? நீங்கதான் தொடக்கூடாதுன்னு..."

தொடு என்று சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகியிருக்கக் கூடாது. ஆயிற்று. அந்த நேரத்திலும் சரியப்போகிற தீயணைப்பான் கண் முன்னால் வந்து நின்றது. என்னை எதனால் அடிப்பது என்று தெரியவில்லை. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். மடியில் வைத்திருந்த இடது கையின் துண்டை உதறினார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"கண்ணு, நான் சொல்றத கேளு. காலைல இந்தக் கைக்கும் பொட்டு வெச்சு கற்பூரம் காட்டிக்கீறேன். என் ஆயுதம் இதான். நாளிக்கு வரைக்கும் தொடாம உட்டேன்னு வெய்யி, நாளான்னிக்கி நான் இருக்க மாட்டேன். உங்க சாமி எங்க சாமி எல்லாம் ஒண்ணுதான். எடுத்துகினு வா."

"வரேன்க்கா" என்று மனைவி சொன்னது எனக்கும் கேட்டது.

வளைவில் அவள் வந்த காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஸ்டாண்டில் அவள் போய்க் கேட்டதும் அக்காவின் ஆட்டோக்காரர் எங்கிருந்தோ ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்திருந்தார், முன்னால் பலகைத் தொட்டி வைத்த அந்த மூன்று சக்கர மிதிவண்டி. இன்ஜின் இல்லாததால் அதற்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை. தொட்டி நிறைய என் சாமான்கள், சந்தனமும் குங்குமமும் பூவும் வழிய. நடுவில் ஸ்டெப்னிமேல் என் மனைவி, பட்டுப்புடவையில், கையில் ஜாக்கியை நட்டுப் பிடித்தபடி. ஆட்டோக்காரர் காக்கிச் சட்டையில் ஆயுத பூஜை மாலையைக் கழற்றாமலே மிதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், டாங்கு கவுந்துகினுதா?"

பாய்ந்து ஜாக்கியை வாங்கினேன். எங்கே முட்டுக் கொடுப்பது என்று தெரியவில்லை. ஜாக்கியோடு வந்த செய்முறைத் தாளைப் பிரித்தால் அது நனைந்து கையோடு வந்தது. பம்பரில் வைத்தேன், வழுக்கியது. சேற்றில் ஊன்றினேன், ஜாக்கி தான்மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. பலகையைச் சொருகக் குனிந்தால் சக்கரம் எங்கே என்றே தெரியவில்லை. மணி இரண்டரை.

"நைனா" என்று அக்கா கூப்பிட்டார். பொறுமையாகத்தான் கூப்பிட்டார். "உன் டாங்க நீ பொறுமையா தூக்கிகினு இரு. என்னைத் தூக்கி இந்த வண்டில வெய்யி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. வண்டியைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்று மூன்று பேருமே நினைத்துவிட்டோம்.

சாமான்களை ஜீப்புக்குள் அள்ளிப் போட்டோம். ஆரஞ்சுப் பலகையைத் தொட்டியின் குறுக்கே வைத்து, மேலே என் தோள் துண்டை விரித்து, அக்காவை உட்காரவைத்தோம். ஆள் பாரத்தில் ஆட்டோக்காரரால் தண்ணீரை எதிர்த்து மிதிக்க முடியவில்லை. "முன்னாடி இழுக்கணும் மாமே" என்றார் என்னைப் பார்த்து. நான் சார் பதவியிலிருந்து இறங்கியதை அவர் கவனிக்கவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. எட்டு டன் பட்டையைத் தேடி எடுத்தேன். உறை ஈரக் கைக்குக் கிழியவில்லை. அக்கா வாங்கிப் பல்லால் ஒரு கடி கடித்துக் கிழித்துக் கொடுத்தார். இரும்புக் கொக்கியால் மீன்பாடியின் சட்டத்தில் மாட்டி, மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டேன். வேட்டியைத் தொடைக்கு மேலே வரிந்து கட்டினேன். மனைவி பின்னால் தள்ளினாள். கையில் அந்த நீளும் கம்பை வைத்து ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஆழம் பார்த்துக்கொண்டே நடந்தேன். "ரைட்ல போ, இன்னும் ரைட்டு" என்று தொட்டியிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை சொன்ன பக்கம் போனேன்.

நெடுஞ்சாலை ஏறியதும் தண்ணீர் வடிந்திருந்தது. அங்கிருந்து ஆட்டோக்காரர் எழுந்து நின்று மிதித்தார், நானும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடினோம். பொரிக்கடைகளில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. "அக்கா, பேசுங்க, பேசிக்கிட்டே வாங்க" என்று மனைவி கத்தினாள். "இன்னாத்த பேசறது, கடைல மாவு பொங்கிகினு இருக்கும்" என்றார் அவர் கண்ணைத் திறக்காமலே.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மையத்தின் வாசலில் நின்றோம். நர்ஸ் அக்காவை நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கையைப் பார்த்துவிட்டுத் திட்டினார்: "இந்தக் கையில எதுவும் பூசக்கூடாதுன்னு எத்தினி தடவ சொல்றது?" சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சில் மருந்தை நனைத்துத் துடைத்தார். குங்குமம் பஞ்சோடு போயிற்று. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஏறி, குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியதும் நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். கொஞ்சமாக அல்ல. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் திட்டுவதா தேற்றுவதா என்று தெரியாமல், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள்.

ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. சேறு படிந்த பட்டை என் மடியில் கிடந்தது. அழைப்பைத் துண்டித்தேன். ஸ்டிக்கர் அந்த வருடமும் அம்பத்தூருக்கே போனது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாழைமரம் கட்டிய பொக்லைன் ஒன்று போகிற போக்கில் ஜீப்பைக் கால்வாயிலிருந்து தூக்கி வெளியே வைத்தது. நான் எல்லாச் சாமான்களையும் மேலே கொண்டுவந்து, கழுவக்கூட நேரமில்லாமல், நேற்று இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுபூஜை போட்டால்தானே முடிந்ததாகக் கணக்கு. ஜாக்கியின் இடுப்பில் ஒரே ஒரு பொட்டு தப்பியிருந்தது, மற்றதெல்லாம் சேறு. மனைவி கற்பூரம் ஏற்றியபோது கதவு தட்டும் சத்தம். அக்கா. காலில் செருப்பு இருந்தது. கையில் ஒரு பாக்கெட் மாவு.

"நேத்து அரச்சது புளிச்சுப் போச்சு. இது காலைல அரச்சது" என்று என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே வந்தார். படையலைப் பார்த்தார், சேற்று ஜாக்கியைப் பார்த்தார். ஜாக்கிக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே போய் நின்று, ஊசித் தடத்தில் சின்னப் பிளாஸ்திரி ஒட்டிய இடது கையை மனைவியிடம் நீட்டினார்.

"இதுக்கும் ஒரு தபா காட்டு கண்ணு. நேத்து பூசை பாதில நின்னுபோச்சு."

மனைவி எட்ட நின்றபடி அந்தக் கைக்கும் கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினாள். அக்கா ஒளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை அப்படியே என் பக்கம் திருப்பினார். விரலை வைத்தேன். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."